மலைக்கு மேலே ஆஸ்பத்திரி, மலைக்குக் கீழே போர்டு

சேர்வராயன் மலைப்பாதையில் டோலி இரண்டு திசையிலும் போயிருக்கிறது. சேலத்து வெயில் தாங்காத துரைமார்களும் அவர்கள் வீட்டு அம்மாமார்களும் நாலு பேர் தோளில் ஏறி மேலே போனார்கள். பிரசவ வலி நிற்காத பெண்ணும் பாம்பு கடித்த ஆளும் கம்பில் கட்டிய போர்வைத் தூளியில் கீழே வந்தார்கள். முதல் டோலி, வண்டிப்பாதை வந்ததும் ஓய்ந்துவிட்டது. இரண்டாவது அவ்வளவு சீக்கிரம் ஓயவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்காட்டு ஊருக்குத்தான் வந்தன. ஊரைத் தாண்டி உள்ளே கிடந்த குக்கிராமங்களுக்கு ஒற்றையடிப் பாதைதான் வெகுகாலம். சாலை சேராத மலையூர்களிலிருந்து நோயாளியைத் தூளியில் தூக்கி வருவது தமிழகத்தில் இன்றும் அவ்வப்போது செய்தித்தாளில் வருகிறது.

ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்க வேண்டும், அதில் யார் டாக்டர், மருந்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று முடிவெடுத்த மேசை எங்கே இருந்தது? சேர்வராயன் மலையின் மருத்துவ வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் விடை பெரும்பாலும் ஒன்றாகவே வருகிறது. மேசை மலையடிவாரத்துக்கு அந்தப்பக்கம் இருந்தது. ஒருகாலத்தில் சேலம் கச்சேரியில், பிறகு ஜில்லா போர்டு அலுவலகத்தில், பிறகு சென்னையில்.

மலைமேல் நிர்வாகமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இந்த மலையில் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடிகளுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. தமிழ் பேசுகிறவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்று கதை சொல்கிறவர்கள். சேர்வராயன் மலையை அவர்கள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாக வகுத்துக்கொண்டார்கள். நாட்டுக்குத் தலைவர் உண்டு, ஊருக்குப் பெரியவர் உண்டு, வழக்குத் தீர்க்கக் கூட்டம் உண்டு, அபராதம் உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டபோது இந்த ஏற்பாடெல்லாம் நடப்பில் இருந்தது. தோட்டங்கள் பெருகின, துரைமார் பங்களாக்கள் வந்தன, 1853இல் ஹோலி டிரினிட்டி தேவாலயம் எழுந்தது. ஆனால் மலையின் காரியங்களை முடிவுசெய்யும் எந்தப் புதுக் கூட்டத்திலும் அந்த மூன்று நாட்டுத் தலைவர்களுக்கு இடம் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தமிழில் ஆஸ்பத்திரி வரலாறு எழுதுகிறவர்கள் திருமுக்கூடலில் தொடங்குவது வழக்கம். வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, கோயிலோடு சேர்ந்த பதினைந்து படுக்கை ஆதுலர் சாலை, வைத்தியருக்கு இவ்வளவு நெல், மருந்து கொணர்வாருக்கு இவ்வளவு. பெருமைப்படுவதற்காக அதை எடுத்து வைப்பது கொஞ்சம் சலித்துப்போன பழக்கம்தான். ஆனால் வேறொரு விதத்தில் அந்தக் கல் முக்கியமானது. ஆஸ்பத்திரியின் ஆள்பட்டியலும் செலவுக் கணக்கும் கோயிலுக்கு வருகிற எவரும் பார்க்கும்படி சுவரில் வெட்டப்பட்டிருந்தன. எண்ணூறு ஆண்டு கழித்து வந்த போர்டுகளின் கணக்கைப் பார்க்க வேண்டுமானால் அலுவலகத்துக்குப் போய் மனு எழுத வேண்டியிருந்தது.

சென்னைப் பட்டணத்தில் இதற்கு வேறொரு மரபு வளர்ந்தது. 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி, 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற வைத்தியர் ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். நன்கொடையும் அரசு உதவியும் சேர்ந்த பணம், அதைச் செலவிட ஒரு நிர்வாகக் குழு. பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்த அதைச் சனங்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். பணம் போட்டவன் குழுவில் உட்காருவான் என்பது அந்த மரபின் எழுதாத விதி. சேலம் மாதிரி உள்நாட்டு ஜில்லாக்களுக்கு அந்த மரபு வந்தபோது, பணம் என்பது வரியாக மாறியிருந்தது.

1871இல் சென்னை மாகாணம் லோக்கல் பண்ட் சட்டத்தை நிறைவேற்றியது. நிலத்தின் ரூபாய் வருவாய்க்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் ஒரு வரி, சுங்கச் சாவடி வசூல், இவற்றையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுச் செலவிட லோக்கல் பண்ட் போர்டு. அதற்குத் தலைவர் கலெக்டர். உறுப்பினர்கள் சில அதிகாரிகளும், அரசு நியமித்த நிலக்கிழார்களும். சாலை, பள்ளிக்கூடம், சத்திரம், கிணறு, அம்மை குத்துதல், ஆஸ்பத்திரி, மருந்தகம் எல்லாமே அந்த ஒரே பெட்டிக்குள். பெட்டியில் கை விடுவதில் சாலைக்குத்தான் எப்போதும் முதல் உரிமை. மாமூலான மராமத்து முடிந்து மிச்சம் இருந்தால்தான் மருந்து.

அன்றைய சேலம் ஜில்லாவின் அளவையும் நினைவில் வைக்க வேண்டும். ஓசூரிலிருந்து ஆத்தூர் வரை, இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் மாகாணத்திலேயே கடுமையாகத் தாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அவ்வளவு பெரிய ஜில்லாவின் கூட்டத்தில் சில ஆயிரம் மலைவாசிகளின் காய்ச்சல் எத்தனையாவது விஷயமாக வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. மலை பற்றிப் பேச்சு வந்தாலும், பேசக்கூடியவர் தோட்டக்காரராகத்தான் இருந்திருப்பார்.

லோக்கல் பண்ட் என்பதைச் சுருக்கி எல்.எப். ஆஸ்பத்திரி என்று பெயரெடுத்த இந்த மருந்தகங்களின் அன்றாட நடப்பு விநோதமானது. ஒரு ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட், ஒரு கம்பவுண்டர், ஒரு தோட்டி, ஒரு தண்ணீர்க்காரர். மருந்து என்றால் பெரும்பாலும் சீசாவில் கலக்கிக் கொடுக்கும் மிக்சர், காய்ச்சலுக்குக் கொயினா, புண்ணுக்குக் களிம்பு. சம்பளம் போர்டுடையது, ஆனால் அந்த அசிஸ்டெண்ட் அரசின் மருத்துவத் துறையிலிருந்து கடனாக வந்தவர். அவரை மாற்றுவதும் தண்டிப்பதும் துறையின் வேலை. ஜில்லா மருத்துவ, சுகாதார அதிகாரி குதிரையிலோ வண்டியிலோ வந்து பதிவேட்டைப் புரட்டிக் குறிப்பெழுதிவிட்டுப் போவார். கூரை ஒழுகுகிறது என்று அவர் எழுதினால் ஓடு மாற்றப் போர்டு பணம் ஒதுக்க வேண்டும். போர்டு ஒதுக்காவிட்டால் அடுத்த முறையும் அதே வரியை எழுதுவார். இரண்டு எஜமானர்களுக்கு நடுவே நின்ற டாக்டருக்கு ஒரு சௌகரியமும் இருந்தது: எந்தக் குறைக்கும் கை காட்ட இன்னொருவர் இருந்தார்.

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884இல் வந்த உள்ளாட்சிச் சட்டம், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று படி கட்டியது. படிகள் கூடினவே தவிர கலெக்டரின் நாற்காலி வெகுகாலம் அசையவில்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் ஜில்லா போர்டு உண்மையிலேயே தேர்தல் களமாயிற்று. அந்த ஆண்டுகளில்தான் சனங்கள் வாயில் ‘ஜில்லா போர்டு ஆஸ்பத்திரி’ என்ற பெயர் ஊன்றியது. ஆஸ்பத்திரிகள் அரசு கைக்குப் போய் வெகுகாலம் ஆன பின்னும் கிராமத்துக் கிழவர்கள் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சேலத்துக்கு இந்தக் கட்டத்தில் ஒரு தனிப் பெயர் உண்டு. 1917இல் நகரசபைத் தலைவரானவர் ராஜாஜி. நகரசபையானாலும் ஜில்லா போர்டானாலும், மருந்து ஏன் தீர்ந்தது, டாக்டர் ஏன் லீவில் போனார் என்று சபையில் எழுந்து கேள்வி கேட்கும் பழக்கம் அந்தத் தலைமுறையோடுதான் வலுத்தது. கூடவே காண்டிராக்டும் சாதிக் கணக்கும் சிபாரிசும் வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. போர்டு ஆஸ்பத்திரிக் கட்டடம் எந்த ஊரில் எழும் என்பது எந்த ஊர்க்காரர் போர்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மலைக்கு அந்த வகையிலும் அதிர்ஷ்டமில்லை. வரி கட்டுகிறவர்களுக்கே ஓட்டு என்றிருந்த காலம். சபையில் தங்கள் ஆளை உட்கார வைக்குமளவுக்கு மலையாளிகளிடம் ஓட்டு ஏது?

நீதிக்கட்சியின் பனகல் அரசர் உள்ளாட்சித் துறையைக் கையில் வைத்திருந்தபோது, 1920களின் நடுவில், ஒரு நல்ல யோசனை நடைமுறைக்கு வந்தது. படித்த டாக்டரை அரசு ஊழியராக்காமல், மானியம் கொடுத்துக் கிராமத்தில் குடியேறச் செய்வது. ஏழைகளுக்கு அவர் இலவசமாகப் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். சமவெளிக் கிராமத்தில் இது ஓரளவு நடக்கும். கட்டணம் கொடுக்க ஆளில்லாத மலைக் குக்கிராமத்தில் எந்த டாக்டர் வந்து குடியேறுவார்? திட்டத்தின் கணக்கே சமவெளியை மனத்தில் வைத்துப் போட்டதுதான்.

இந்த நாற்காலிகளெல்லாம் ஒரு பக்கம் இருக்க, மலைமேலேயே முடிவெடுக்கக்கூடிய ஒரு கூட்டம் இருந்தது. அது தோட்ட முதலாளிகள். கங்காணி திரட்டிவந்த ஆட்கள் காய்ச்சலில் படுத்தால் பழம் பறிக்க ஆளில்லை. ஆகவே பெரிய தோட்டங்களில் மருந்துப் பெட்டி இருந்தது, கம்பவுண்டர் இருந்தார். அங்கே நிர்வாகம் என்பது ஒரே ஆளின் மனம். அவர் இரக்கமுள்ளவரானால் மருந்து கிடைக்கும். காபி விலை இறங்கிய வருஷத்தில் அந்த இரக்கத்துக்கும் கஷ்டகாலம்.

இந்த ஒரே ஆள் ஏற்பாட்டை மாற்றச் சொன்னது 1931இல் வெளிவந்த ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கை. விட்லி கமிஷன் என்று அறியப்பட்ட அது, ஒவ்வொரு தோட்டப் பகுதிக்கும் சட்டப்படியான சுகாதார, நல்வாழ்வு போர்டு ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. தோட்டம் தோட்டமாகப் பார்க்காமல், ஒரு மலைப்பகுதியை முழுதாக எடுத்துக்கொண்டு, குடிநீர், மலேரியா, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒரே குழு கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சேர்வராயன் மலை மாதிரி நடுத்தரத் தோட்டங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அதற்கு முன்னும் பின்னும் எவரும் சொல்லவில்லை. அறிக்கை அச்சானது. போர்டு அமையவில்லை.

பதினைந்து ஆண்டு கழித்து டி.வி. ரேகே தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து எழுதினார். அதையொட்டி மேஜர் லாயிட் ஜோன்ஸ் தேயிலைத் தோட்டங்களின் மருத்துவ வசதியை அளந்து பார்த்தார். அந்த வேலைகளின் பலன் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். 1954 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது அதன் 10ஆம் பிரிவின்படி முதலாளியின் கடமையாயிற்று. செய்யாவிட்டால் தலைமை ஆய்வாளர் தாமே ஏற்பாடு செய்து, செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றும் இருந்தது. பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு பொது ஆஸ்பத்திரி நடத்தவும் வழி இருந்தது.

வாசலில்தான் சிக்கல். 25 ஏக்கரும் 30 தொழிலாளிகளும் இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் தோட்டம். 1981இல்தான் இது 5 ஹெக்டேர், 15 பேர் என்று இறங்கியது. ஆனைமலையிலும் நீலகிரியிலும் பெரிய கம்பெனிகளுக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டில்லை. சிறு காபித் தோட்டமும் மிளகுக் கொடியும் ஆரஞ்சு மரமுமாகத் துண்டு துண்டாகக் கிடக்கும் ஏற்காட்டில், வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்பது பலருக்கு இயல்பாகவே அமைந்தது. சொந்தக் காட்டில் சாமையும் தினையும் விதைத்துவிட்டுப் பருவத்துக்கு மட்டும் பழம் பறிக்கப் போகும் மலையாளிக்கு முதலாளியின் ஆஸ்பத்திரியும் உறுதியில்லை, போர்டின் ஆஸ்பத்திரியும் பக்கமில்லை.

சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் கமிட்டியின் அறிக்கை வந்தது. அதன் உறுப்பினர்களில் ஒருவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். ஆரம்ப சுகாதார நிலையம் என்று இன்று எல்லோரும் அறிந்த அமைப்புக்கு விதை அங்கேதான். அதே அறிக்கை ஜில்லாவுக்கு ஒரு சுகாதார போர்டும் கிராமத்துக்கு ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட சுகாதாரக் குழுவும் வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. சுகாதார நிலையங்கள் வந்தன. போர்டும் குழுவும் காகிதத்தில் தங்கின. கட்டடம் கட்டுவதற்கு அரசுகள் காட்டும் ஆர்வத்தை, அந்தக் கட்டடத்தைக் கேள்வி கேட்கும் சபை அமைப்பதில் காட்டியதாக வரலாறு இல்லை.

1958ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு ஜில்லா போர்டே போய்விட்டது. பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. ஆஸ்பத்திரிகள் படிப்படியாக அரசுத் துறையின் நேரடிக் கைக்குப் போயின. இதனால் மலைக்கு லாபம்தான் என்று சொல்ல வேண்டும். சிபாரிசில் வந்த ஆளுக்குப் பதிலாகத் தேர்வு எழுதி வந்த எம்.பி.பி.எஸ். டாக்டர், ஊருக்கு ஊர் மாறாத சம்பளம், மருந்துக்கு மாநில நிதி. போனது ஒன்றுதான்: எழுந்து நின்று கேள்வி கேட்பதற்கு ஒரு மண்டபம்.

அரசுக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரிகளின் போர்டு மட்டும் நோயாளிக்குப் பக்கத்தில் இருந்ததா? வேலூரைப் பார்க்கலாம். ஐடா ஸ்கடர் 1900இல் ஒரு கட்டிலோடு தொடங்கிய வேலை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று. பணம் அமெரிக்க, பிரிட்டிஷ் சபைகளிலிருந்து வந்தது. ஆகவே கடிவாளமும் கடல் தாண்டி இருந்தது. 1938க்குப் பிறகு எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்ந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, ஆண்களையும் சேர்த்துக்கொண்டு எல்லாச் சபைகளின் கூட்டு நிறுவனமாவதே பிழைக்கும் வழி என்று ஐடா முடிவுக்கு வந்தார். பெண்களுக்கென்று பணம் திரட்டிக் கொடுத்த லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். பல ஆண்டு நட்பு முறிந்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் அமரும் கவுன்சில் ஒன்றின் கீழ், சி.எம்.சி. என்ற பெயரில் அந்த நிறுவனம் இன்றுவரை நடக்கிறது. ஒரு ஆஸ்பத்திரி போர்டின் மிகப் பெரிய கடமை மருந்துக் கணக்கோ மராமத்தோ இல்லை, நிறுவனம் யாருக்காக என்ற கேள்விக்கு விடை சொல்வது என்பதற்கு அந்தச் சண்டையே உதாரணம்.

சேர்வராயனுக்குக் கொஞ்சம் வடகிழக்கே, சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கேயும் மலையாளிகள்தான் பெரும்பான்மை. 1993இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். பழங்குடிப் பெண்களையே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். ஆஸ்பத்திரி வளர்ந்தது, இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் கைவினை என்று கிளைகளும் வந்தன. காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள் காட்டு விளைச்சல் பற்றியும் பேசியதால் விளைந்த கிளைகள் அவை. சேலத்திலோ சென்னையிலோ நடக்கும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆஸ்பத்திரிக்குக் கீழே விவசாயிகள் சங்கம் என்று ஒரு வரி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

அரசின் பக்கம் திரும்பினால், 1994இல் இரண்டு காரியங்கள் நடந்தன. தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் மருந்து வாங்கி, தரம் சோதித்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புத்தகம் போட்டு வழங்குகிற ஏற்பாடு. பழைய போர்டுகள் தடுமாறிய இடத்தை இது சுத்தமாகத் தீர்த்தது; பல மாநிலங்கள் பார்த்துப் படியெடுத்தன. அதே ஆண்டு சூரத்தில் பிளேக் பீதி. அது பரவிய வேகத்தில் இந்தூரின் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் எலி ஒழிப்பு நடந்தது, ஆயிரக்கணக்கான எலிகள். ஆஸ்பத்திரியை இந்தக் கதிக்கு விட்டது யார் என்ற கேள்வி எழுந்து, ஊர்ப் பிரமுகர்களும் அதிகாரிகளும் சேர்ந்த நிர்வாகச் சங்கம் ஒன்று அங்கே பிறந்தது. மத்தியப் பிரதேசம் முழுதும் பரவிய அந்த மாதிரியை 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் நாடு முழுதுக்கும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் நோயாளர் நலச் சங்கம்.

பதிவு பெற்ற சங்கம்; ஆட்சிக் குழு, செயற்குழு; உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இடம். இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சங்கத்தின் பெயரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய், கட்டற்ற நிதி 25,000, பராமரிப்புக்கு 50,000. எம்.எல்.ஏ. தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காட்டில், நூற்று முப்பது ஆண்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் குழுவின் நாற்காலி மலைவாசிக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது.

நாற்காலி வந்த நேரத்தில் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. குடிநீர்த் தொட்டி, மின்விசிறி, இன்வெர்ட்டர், பிரசவ அறைக்குத் திரை, உடன் வந்தவர் உட்காரப் பெஞ்சு ஆகியவை சங்கத்தின் கையில். மருந்து, கழகத்தின் கையில். கட்டடம், பொதுப்பணித் துறையின் கையில். டாக்டரைத் தேர்ந்தெடுப்பது 2012 முதல் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலிருக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். மலையில் காலியிடம் விழுந்தால் சங்கம் தீர்மானம் போட்டு அனுப்பலாம்.

உண்மையில் மலைக்கு டாக்டரை இழுத்துவருவது வேறொன்று. மலை, தொலைதூர இடங்களில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் ஊக்க மதிப்பெண் உண்டு: பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும், பெற்ற மதிப்பெண்ணில் 10 விழுக்காடு கூடுதல், அதிகபட்சம் 30. மேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்கான இடஒதுக்கீட்டுச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 2020இல் மாநிலங்களுக்குச் சாதகமாக முடிந்தது. இந்த ஒரு விதி, போர்டுகள் கெஞ்சியும் மானியம் காட்டியும் வராதவர்களை மலையேற வைத்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் ஊக்க மதிப்பெண் நிரம்பிவிடும், டாக்டர் எம்.டி. படிக்கக் கீழே போவார், நோயாளர் நலச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் புதிய டாக்டரை உறுப்பினர் செயலராக வரவேற்று முதல் தீர்மானம் நிறைவேறும்.